கரையோர மக்களும் தோல் புற்றுநோயும்: பார்க்க வேண்டிய இடம் பாதம்

தோல் புற்றுநோய் வெள்ளைத் தோலினரின் நோய், வெயிலில் கறுத்து உரமேறிய நமக்கு அது வராது என்னும் எண்ணம் புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் மட்டுமன்றிப் படித்தவர்கள் மத்தியிலும் ஆழ வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மையே ஆபத்தானது. தெற்காசிய மக்களிடையே இந்நோய் ஐரோப்பியரிடையே காணப்படுவதைவிட மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால், இங்கு அந்நோய் கண்டவர்களுக்கு அது வந்திருப்பது தெரியாமலேயே மாதங்களும் வருடங்களும் கழிந்துவிடுகின்றன. குறைவான நோய் என்பதால் எவரும் அதைத் தேடுவதில்லை. தேடுகின்ற சிலரும் முகத்தில் தேடுகிறார்கள். நமது மக்களைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டிய இடம் முகமன்று, பாதம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருநிறமி. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. மெலனின் அவ்வுயிரணுக்களின் கருவுக்கு மேலே குடைபோலக் கவிந்து அக்கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளையரின் மேற்தோலைவிடக் கறுத்த மேற்தோல் பல மடங்கு கூடுதலாகக் கதிர்களைத் தடுக்கிறது என்பது அளந்து அறியப்பட்ட உண்மை. அவுஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பிய வம்சத்தினருக்கு இக்குடை இல்லை. அங்கு எழுபது வயதை எட்டுவதற்குள் மூவரில் இருவருக்கு ஏதோவொரு வகைத் தோல் புற்றுநோய் காணப்படுகிறது. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்னும் பிரசாரத்தை அந்நாடு 1981ஆம் ஆண்டு தொடங்கியது அதனாலேயே. உலகெங்கும் இந்நோய் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. படங்களில் காட்டப்படுவதும் வெள்ளை முதுகிலுள்ள மச்சங்களே. அந்த அறிவுரைகளை அப்படியே கற்பிட்டிக்கும் உடப்புக்கும் கொண்டுவந்து இறக்கினால் மக்கள் அதைத் தம்முடையதாக ஏற்காமல் விடுவது இயல்பே.

தோல் புற்றுநோயில் முக்கியமானவை மூன்று. தோலின் அடிப்படையிலுள்ள உயிரணுக்களில் தோன்றுவது ஒன்று. மெதுவாக வளரும், அரிதாகவே உடலின் வேறிடங்களுக்குப் பரவும். வெள்ளையரிடம் இது முத்துப்போல மினுங்கும். நம்மிடம் கறுத்த கட்டியாகத் தோன்றுவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். மேலடுக்கிலுள்ள செதிள் உயிரணுக்களில் தோன்றுவது இரண்டாவது. கறுத்த தோலினரிடம் இது வெயில் படாத இடங்களிலும், பழைய தழும்புகளிலும், ஆறாத புண்களிலும் தலைகாட்டுகிறது. நிறமி உண்டாக்கும் உயிரணுக்களிலேயே தோன்றும் மெலனோமா மூன்றாவது. மூன்றிலும் கொடியது இதுவே.

மெலனோமா நம்மவருக்கு வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. உள்ளங்காலில் நம் எல்லோருக்கும் நிறமி குறைவு. அங்கே குடை இல்லை. அதேவேளை வெயிலும் அங்கே படுவதில்லை. ஆகவே இவ்வகைக்கு வெயில் காரணமன்று. இடைவிடாத அழுத்தமும் அடிக்கடி நேரும் காயமும் காரணமாகலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இவ்வகை மெலனோமா வெள்ளையரையும் கறுத்த தோலினரையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளையருக்கு மற்ற வகைகளும் சேர்ந்து வருவதால் அவர்களின் தொகை பெருகுகிறது. நமக்கு ஏறக்குறைய இது மட்டுமே மிஞ்சுகிறது.

ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லியின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1977ஆம் ஆண்டு அவரது கால் பெருவிரலில் ஏற்பட்ட புண்ணை முதலில் உதைபந்தாட்டக் காயம் என்றே எண்ணினர். நகத்தின் அடியிலிருந்தது மெலனோமா என்று பின்னர் தெரிந்தது. விரலை அகற்ற வேண்டும் என்ற ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நகமும் சுற்றியுள்ள தசையும் மட்டும் அகற்றப்பட்டன. நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, 1981 மே 11ஆம் திகதி, முப்பத்தாறு வயதில் அவர் காலமானார். உலகம் முழுவதும் அறிந்த ஒருவருக்கே கால்விரல் புண் இப்படிப் பிழையாக எண்ணப்பட்டதென்றால், பாலாவி உப்பளத்தில் நாட்கூலிக்கு உப்பு வாரும் ஒருவரின் குதிகாலிலுள்ள கரும்புள்ளியை யார் பார்க்கப் போகிறார்கள்?

இக்கரையோரத்தில் கால் படும் பாடு தனியானது. உப்பளத் தொழிலாளி மணிக்கணக்காகக் கடும் உப்புநீரில் நிற்கிறார். உப்புப் படிகங்கள் பாதத்தைக் கீறுகின்றன, உப்புநீர் அக்கீறலை ஆறவிடுவதில்லை. இந்தியாவில் கச்சுப் பாலைநிலத்து உப்பளத் தொழிலாளரின் கால்கள் உப்பேறி விறைத்துப்போய், இறந்தபின் சிதையிலும் முழுமையாக எரிவதில்லை என்று பத்திரிகைகள் பல தடவைகள் எழுதியிருக்கின்றன. கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலை மணலில் ஊன்றியே வலையை இழுக்கிறார்கள். சிப்பி ஓடும் மீன் முள்ளும் தூண்டில் துண்டும் அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். வாடிகளில் கருவாடு காயவைக்கும் பெண்களின் நிலையும் வேறன்று. இப்படிப்பட்ட காலில் ஒரு கறுப்பு அடையாளம் தோன்றினால் முள் குத்தியது, இரத்தம் கன்றியது, கால் ஆணி என்று மூன்றில் ஒரு பெயர் சூட்டப்பட்டுவிடும். பின்னர் சவர அலகால் சீவுவார்கள். எருக்கம்பால் விடுவார்கள், சுண்ணாம்பு வைப்பார்கள். மருந்துக் கடையில் கால் ஆணிக்கு விற்கும் அமிலப் பட்டியை வாங்கி ஒட்டுவார்கள். உண்மையில் அது கால் ஆணியாகவே இருந்தால் இவற்றால் பெருங்கேடு வராது என்று வைத்துக்கொள்ளலாம், நீரிழிவு இல்லாதவருக்கு மட்டும். மெலனோமாவாக இருந்தாலோ ஒவ்வொரு சீவலும் மேலுள்ள அடையாளத்தை அழித்து, உள்ளே இறங்குகின்ற நோயை மறைத்துவிடுகிறது.

இந்நோயில் பரப்பைவிட ஆழமே முக்கியம். அமெரிக்க நோயியலாளரான பிரெஸ்லோ, மெலனோமா தோலினுள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியுள்ளது என்பதை அளந்தே நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்று 1970ஆம் ஆண்டு காட்டினார். இன்றும் உலகெங்கும் அந்த அளவே பின்பற்றப்படுகிறது. ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கும்போது வெட்டி அகற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கின்றனர். நான்கு மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் கணக்கு முற்றாக மாறிவிடுகிறது. நமது தோட்டத்து வெண்டிக்காய் விதை ஒன்றின் பருமன் நான்கைந்து மில்லிமீற்றர் இருக்கும். உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட தூரம் இங்கே அவ்வளவுதான்.

எதைக் கண்டால் ஐயுற வேண்டும்? உள்ளங்காலில் அல்லது உள்ளங்கையில் புதிதாகத் தோன்றிய, ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் பழுப்பாகவும் உள்ள, ஓரம் ஒழுங்கற்ற, மாதத்துக்கு மாதம் விரியும் அடையாளம் எதுவாயினும் வைத்தியரிடம் காட்டப்பட வேண்டும். இரத்தக் கன்றல் என்றால் சில வாரங்களில் மறையும், அல்லது தோல் வளர வளர இடம் நகரும். அசையாமல் நிற்பதும் பெருப்பதும் கன்றலன்று. நகத்தில் கறுப்புக் கோடு விழுவது கறுத்த தோலினரிடம் மிகச் சாதாரணம், அதிலும் பல விரல்களில் மெல்லிய கோடுகளாக இருந்தால் அச்சப்படத் தேவையில்லை. ஒரேயொரு நகத்தில் மட்டும் தோன்றி, அகன்று கொண்டு வந்து, நகத்தைச் சூழ்ந்த தோலிலும் கறுப்பு படரத் தொடங்கினால் காலம் தாழ்த்தக் கூடாது. நிறமே இல்லாமல் இளஞ்சிவப்புக் கட்டியாகவும் மெலனோமா சில வேளைகளில் வரும் என்பதால், காரணமின்றி ஆறாமல் கசியும் எந்தப் புண்ணையும் கறுப்பில்லை என்று தள்ளிவிட முடியாது.

இதற்கென்று ஒரு புதிய பழக்கத்தை நம் மக்களுக்குக் கற்பிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது இவ்விடயத்தில் மகிழ்ச்சியான செய்தி. ஐவேளைத் தொழுகைக்கு வுழூச் செய்யும் முஸ்லிம் சகோதரர் நாளொன்றுக்குப் பல தடவைகள் தமது பாதத்தைக் கணுக்கால் வரை கழுவுகிறார். விரல் இடுக்குகளையும் கோதிக் கழுவுவது விரும்பத்தக்க முறையாகக் கற்பிக்கப்பட்டுள்ளது. கோயில் வாசலில் கால் கழுவி உள்ளே செல்லும் இந்துக்களுக்கும் இது புதிதன்று. ஹவுளின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், மாதத்தில் ஒரு முறையாவது, காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தால் போதும். குனிந்து பார்க்க இயலாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர்கள் ஏற்கனவே சொல்லி வருகிறார்கள். அந்த ஒரே பார்வை இரண்டு நோய்களுக்கும் காவல். வெள்ளிக்கிழமைக் குத்பாக்களில் இதற்கு இரண்டு வாக்கியம் ஒதுக்கினால் எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலையை அது செய்யும்.

பாதத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது தழும்பு. பழைய தீக்காயத் தழும்பில், பல்லாண்டு ஆறாத புண்ணில், எலும்பு வரை சென்று சீழ் வடியும் துளையில் புற்றுநோய் உண்டாகலாம். 1828ஆம் ஆண்டு தழும்புப் புண்களை விவரித்த பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்ஜொலின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. காயம் நேர்ந்ததற்கும் புற்று தோன்றுவதற்கும் இடையே சராசரியாக முப்பது ஆண்டுகள் கழிகின்றன. இந்த முப்பது ஆண்டு என்னும் கணக்கைப் புத்தளத்து மக்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலுமே தஞ்சமடைந்தனர். கிடுகுக் கொட்டில்களில் மின்சாரமின்றிப் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். அக்காலத்தில் நாடெங்கும் ஏழை வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது, வெறும் போத்தலில் திரி செருகிய மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. தட்டினால் கவிழும், கவிழ்ந்தால் கொட்டித் தீப்பிடிக்கும். அவ்விளக்கால் எரிந்தவர்களுக்குச் சிகிச்சையளித்துச் சலித்துப்போன இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனத்த, தட்டையான பக்கங்களுடன் கவிழ்ந்தாலும் உருளாத, திருகு மூடியுள்ள பாதுகாப்பான விளக்கு ஒன்றை வடிவமைத்துப் பரப்பினார். 1998ஆம் ஆண்டு அதற்காக ரோலெக்ஸ் விருதும் பெற்றார். எத்தனையோ பிள்ளைகள் அதனால் காப்பாற்றப்பட்டனர். ஆனால் அது வந்து சேருமுன் எரிந்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களின் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் இறுகிப்போன தழும்புகள் இருக்கின்றன. போரில் குண்டுச் சிதறல் பட்டு இன்னும் கசியும் காயத்தோடு வாழ்பவர்களும் இக்கணக்கில் அடங்குவர். அத்தகைய தழும்பு வெடித்து மூன்று மாதமாகியும் ஆறாவிட்டால், அதன் ஓரம் தடித்துப் பூக்கோவாப் போல எழும்பினால், துர்நாற்றம் வீசினால், அதைப் பழைய புண் என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டே இருத்தல் தகாது.

தோலை ஓயாது துன்புறுத்தும் எதுவும் இவ்வாறு முடியலாம் என்பதற்கு நமது துணைக்கண்டமே சாட்சி. காஷ்மீரில் குளிருக்காக அங்கியினுள் தணற்சட்டியை வைத்துக்கொள்ளும் வழக்கத்தால் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றுநோய் நூறாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகறிந்த ஒன்று. வேட்டியை இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் அங்கே உண்டாகும் புற்றுநோயை இந்திய வைத்தியர்கள் 1945ஆம் ஆண்டிலேயே விவரித்தனர்; சேலைக்கு உள்ளே அணியும் பாவாடைக் கயிற்றுக்கும் இது பொருந்தும் என்று பின்னர் கண்டனர். சாரத்தை இறுக்கி அதன்மேல் பட்டியும் கட்டும் நம் மீனவர்கள் இடுப்பிலுள்ள தடித்த கறுப்பு வளையத்தை ஒரு முறை தடவிப் பார்ப்பது நன்று. வளையம் மட்டுமே என்றால் கட்டும் இடத்தை மாற்றினால் போதும். வெடித்த புண் இருந்தால் காட்ட வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் வெயில் நமக்கு ஒன்றும் செய்யாது என்று கொள்ளக் கூடாது. புத்தளம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகையில் உள்ளது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த புற ஊதாக் கதிர்ச் சுட்டெண்ணில் பதினொன்றுக்கு மேல் சென்றால் அது உச்ச அபாயம். வெப்பமண்டலக் கரைகளில் நண்பகலில் அந்த எண் அடிக்கடி எட்டப்படுகிறது. காய்ந்த கடல்மணல் இக்கதிர்களில் சுமார் பதினைந்து வீதத்தையும் கடல் நுரை சுமார் இருபத்தைந்து வீதத்தையும் திருப்பி மேலே அனுப்புகின்றன என்பது அந்நிறுவனம் தரும் கணக்கு. ஆகவே தலையில் தொப்பி இருந்தாலும் கீழிருந்து வருவது முகத்தில் படுகிறது. இதன் விலையை இங்கே முதலில் கொடுப்பது கண். கண்ணின் வெண்படலத்திலிருந்து கருவிழி மீது ஏறும் சதை வளர்ச்சி மீனவரிடமும் உப்பளத் தொழிலாளரிடமும் சாதாரணமாகக் காணப்படுகிறது. அடுத்தது கீழுதடு. அது எப்போதும் வெயிலை நோக்கியே இருக்கிறது. தார் பூசிய வலையைப் பின்னும் ஊசியை உதடுகளுக்கிடையே கவ்விக்கொள்ளும் வழக்கத்தால் மீனவருக்கு உதட்டுப் புற்றுநோய் வந்ததாக 1935ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இன்று நைலோன் வலை வந்துவிட்டதால் அந்த ஊசி போயிற்று. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போகவில்லை. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. உதட்டைப் பார்க்கும்போது வாயையும் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

உடலை மூடும் ஆடை இங்கே சிறந்த மருந்து. நெருக்கமாக நெய்த நீள்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் பனையோலைக் குல்லாவும் எந்த விலையுயர்ந்த களிம்பைவிடவும் கடலில் நெடுநேரம் நிலைக்கும். ஆனால் களிம்பு ஆடம்பரமன்று, உயிர்காக்கும் மருந்து என்று சொல்ல வேண்டிய ஒரு சிறு கூட்டம் உண்டு. பிறப்பிலேயே மெலனின் இல்லாத வெண்தோல் குழந்தைகளுக்கு மேற்சொன்ன குடை அறவே இல்லை. ஆபிரிக்க நாடுகளில் இவர்களில் பலர் இளவயதிலேயே தோல் புற்றுநோய்க்குப் பலியாகின்றனர். இப்பிள்ளைகளைப் பாடசாலையில் நிழற்பக்கம் அமர்த்துவதும், காலைக் கூட்டத்தில் வெயிலில் நிறுத்தாதிருப்பதும் ஆசிரியர்களின் கடமை. இன்னும் அரிதான வேறொரு பரம்பரை நோயில், வெயில் சிதைத்த மரபுப் பொருளைச் செப்பனிடும் ஆற்றலே உடலில் இருப்பதில்லை. இரண்டு வயதுக்கு முன்பே முகத்தில் கரும்பொட்டுகள் அள்ளித் தெளித்ததுபோல் தோன்றும், வெளிச்சத்தில் கண் கூசும், பத்து வயதுக்குள் புற்று வரக்கூடும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தாலன்றி இவ்விரு நோய்களும் பொதுவாக வெளிப்படுவதில்லை. மாமன் மகள், மாமி மகன் என்று உறவுக்குள்ளேயே மணமுடிக்கும் வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருப்பதால் இவ்வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஒரு பிள்ளைக்கு இது இருந்தால் அடுத்த திருமணப் பேச்சுக்கு முன் வைத்தியரிடம் ஆலோசனை கேட்பதில் இழுக்கு எதுவுமில்லை.

இயற்கை தந்த குடையைக் காசு கொடுத்துக் கிழிக்கும் வேடிக்கையும் நடக்கிறது. வெள்ளையாக்கும் களிம்புகள் நகரத்து அழகுநிலையம் முதல் கிராமத்துப் பெட்டிக்கடை வரை விற்கப்படுகின்றன. அவற்றுட் பலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது; அது மெலனின் உண்டாவதைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் பாதரசமுள்ள அழகுசாதனங்களுக்கு, 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை தடை விதிக்கிறது. ஸ்டீரொயிட் கலந்த களிம்புகளோ தோலை மெலியச் செய்கின்றன. மணமகளின் நிறத்தைப் பேசும் பெரியவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இனி, ஐயம் எழுந்தபின் செய்ய வேண்டியது. சிலாபம், குருநாகல் போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் தோல் நோய்ச் சிகிச்சையை இலவசமாகப் பெறலாம். புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையும் குருநாகல் போதனா வைத்தியசாலையின் பிரிவும் உண்டு. ஆனால் கற்பிட்டியிலிருந்து கொழும்புப் பக்கம் போக நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நாட்கூலித் தொழிலாளிக்கு அது இரண்டு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும். வலிக்காத ஒரு புள்ளிக்காக யார் இதைச் செலவிடுவார்? நோய் தாமதமாக வருவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று என்பதை நகரத்திலிருந்து அறிவுரை கூறுவோர் உணர வேண்டும். உப்பள உரிமையாளர்களும் சம்மாட்டிமாரும் தொழிலாளருக்கு நீளமான றப்பர் சப்பாத்து வழங்குவதும், வைத்தியசாலை செல்லும் நாளுக்குக் கூலி வெட்டாதிருப்பதும் தர்மமாக அன்றி, தொழில் நடத்துவதன் செலவாகவே கருதப்பட வேண்டும். பெண்களைப் பொறுத்தவரை, தொடையிலோ இடுப்பிலோ உள்ள புண்ணை ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசி மறைப்பது உண்டு. பெண் வைத்தியரைக் கேட்டுப் பெறலாம். அவர் கிடைக்காதபோது சிகிச்சைத் தேவைக்காக ஆண் வைத்தியர் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை உலமாக்கள் வெளிப்படையாகச் சொன்னால் பலர் உயிர் பிழைப்பார்கள்.

கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயத்தில் சோதனைக்குச் சம்மதிக்காதோரும் உள்ளனர். ஐயத்துக்குரிய இடத்திலிருந்து தோலை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. அதைச் செய்யாமல் நோயின் ஆழத்தை அறியவும் முடியாது. வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசை நிற்கும், வைத்தியருக்கு இரண்டு நிமிடமே கிடைக்கும். ஆதலால் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, புள்ளியைக் காட்டி, எப்போது தோன்றியது, எவ்வளவு பெருத்தது, என்ன மருந்து வைத்தோம் என்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசி வைத்திருக்கும் மகனோ மகளோ மாதத்துக்கு ஒரு படம், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்திருந்தால் அதுவே நல்ல சாட்சி. தோல் துண்டு எடுக்கப்பட்டால் அறிக்கை வர வாரங்கள் ஆகலாம். அதன் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு, புண் ஆறிவிட்டாலும் மறுபடி சென்று அந்தத் தாளைக் கையில் பெற்று, அதை வைத்தியரிடம் காட்டிய பின்னரே வீடு திரும்ப வேண்டும்.